நாலாம் நம்பர் ஷட்டர்

பேரவையில் யார் என்ன பேசினாலும் அதைச் சொல் விடாமல் சுருக்கெழுத்தில் பிடிப்பது என் வேலை. பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அவைத் தலைவரின் மேடைக்குக் கீழே, உறுப்பினர்களின் வரிசைகளுக்கு நடுவில், ஒரு நீள மேஜை இருக்கும். அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுத வேண்டும். பத்தாவது நிமிஷத்தில் அடுத்தவர் வந்து உட்காருவார். நான் எழுந்து போய் எழுதியதைத் தட்டச்சு செய்வேன். மேஜையில் இருக்கும்போது தலை நிமிரக் கூடாது, சிரிக்கக் கூடாது. எழுதுகிற நாங்கள் செல்போனை வாசலில் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

எந்த உறுப்பினரையும் நான் முகத்தை வைத்து அறிந்ததில்லை, குரலை வைத்துத்தான். அப்படித்தான் கடைசி வரிசைத் தூணுக்குப் பக்கத்தில் உட்காரும் சுயேச்சை உறுப்பினரையும் தெரிந்துகொண்டேன். ஊருக்கு மேலே இருக்கிற அணையில் இருபத்து நாலு வருஷம் ஷட்டர் ஆபரேட்டராக இருந்தவர். இரண்டு பெரிய கட்சிகளும் ஒருவர் ஓட்டை ஒருவர் பிரித்துக்கொண்டதில், முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் நடுவில் புகுந்து ஜெயித்துவிட்டார். ஜெயித்த அன்று ஊரிலேயே அதிகமாகத் திகைத்துப் போனவர் அவர்தான் என்பார்கள்.

முதல் வருஷம் நிதிநிலை அறிக்கை மீது பேச எழுந்தபோது அவர் கையில் இருந்த காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது ஒலிபெருக்கியில் கேட்டது. சுயேச்சைக்கு நாலு நிமிஷம்தான். வணக்கம் சொல்லவே அரை நிமிஷம் போய்விட்டது.

"அணையில ஆறு ஷட்டர் இருக்குங்க தலைவரே. அதுல நாலாம் நம்பரை ரெண்டு பக்கமும் கம்பி வடம் கட்டித்தான் தூக்கறது. இடது பக்க வடம் இழை இழையா விட்டிருக்கு. கையுறை போட்டுத் தடவினா கையுறை கிழியுது. வடத்தை மாத்தணும். கீழ இருக்கற அச்சையும் மாத்தணும். அறிக்கையில அதுக்கு ஒண்ணுமே ஒதுக்கலை."

மணி அடித்தது. உட்கார்ந்துவிட்டார். 'ஆய்வில் உள்ளது' என்று அமைச்சர் பதில் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் எந்த விவாதத்தில் எழுந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். மீன்வளத் துறையானாலும் சரி, பள்ளிக் கட்டடம் ஆனாலும் சரி. நூலகத்துக்கான மானியக் கோரிக்கையின்போது, அணைக்கட்டு அலுவலகத்தில் ஷட்டரின் பராமரிப்புப் புத்தகமே காணவில்லை என்று ஆரம்பித்தார். அவையே சிரித்தது. ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒருவர், "மாண்புமிகு உறுப்பினர் தன் ஷட்டரை மூடினால் மற்றவர்களும் பேசலாம்" என்றார். நான் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று எழுதினேன். அன்றிலிருந்து அவருக்கு நாலாம் நம்பர் என்றே பெயர் விழுந்துவிட்டது. கேன்டீனில் டீ கொடுக்கிறவர்கூட, "நாலாம் நம்பருக்குச் சக்கரை கம்மி" என்று குரல் கொடுப்பார். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிப்பார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் வீடு ஆற்றோரத் தெருவில் இருந்தது.

இரண்டாம் வருஷம் ஒரு நாள், தட்டச்சு செய்த பேச்சைத் திருத்திக் கொடுக்க எங்கள் அறைக்கு வந்தார். உறுப்பினர்கள் அப்படி வந்து பிழை பார்ப்பது வழக்கம். அறையில் வேறு யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்.

"சார், நெசமாவே அவ்வளவு மோசமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீடு எங்கம்மா?"

"கீழ, ஆத்தோரம். மூணாவது சந்து."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "மாடி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்க."

தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தில் ஒரு கால்புள்ளியைத் திருத்தினார். வீட்டுக்கு வந்ததும் சுவரில் தண்ணீர் எந்த உயரம் வரைக்கும் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நாத்தனார், "என்ன அண்ணி, பல்லியா?" என்று கேட்டாள்.

மூன்றாம் வருஷம் அணைப் பராமரிப்புக்கு ஒருவழியாகக் கொஞ்சம் ஒதுக்கினார்கள். ஆறே மாதத்தில் அதை அணைக்கரையில் நடைபாதையும் வண்ண விளக்கும் போடுவதற்குத் திருப்பிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் பேசியதுதான் நான் எழுதியவற்றிலேயே அவருடைய நல்ல பேச்சு. காகிதம் இல்லாமல் பேசினார். "விளக்கு வேணாம்னு நான் சொல்லலைங்க. ஜனங்க சாயங்காலம் வந்து உக்காரட்டும். ஆனா எந்தக் கரையில உக்காருறோம்னு அவங்களுக்குத் தெரியணும் இல்லையா?" யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் கேட்கவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம்.

அந்த வருஷம்தான் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவே இல்லை. நாலாம் நாள் காலையில் நான் கிளம்பும்போது மாமனார் கட்டிலில் கிடந்தபடி டிவியைப் போடச் சொன்னார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகி ஒன்றரை மாதம். எழுந்து நிற்க முடியாது. பேரவை நேரலையில் மருமகளின் குனிந்த தலை எப்போதாவது தெரியும் என்பதற்காகவே முழு விவாதத்தையும் பார்ப்பார். என் கணவர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். வீட்டில் மாமனாரும் நாத்தனாரும் மட்டும்தான்.

"தண்ணி எவ்வளவு இருக்காம்?" என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"படித்துறையில எட்டாவது படி. நீங்க போங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்."

அன்று சுற்றுலாத் துறை மானியக் கோரிக்கை. என் முறை பதினொன்று பத்துக்கு. உட்கார்ந்து இரண்டு வரி எழுதுவதற்குள் தலைவர் கடைசி வரிசைச் சுயேச்சையை அழைத்தார். இரண்டு பேர் அப்போதே நமுட்டுச் சிரிப்புச் சிரித்தது காதில் விழுந்தது.

முதல் சொல்லிலேயே என் பேனா ஒரு நொடி தடுமாறியது. அது அவருடைய குரலே இல்லை. தொண்டை காய்ந்து, மூச்சு பாதியில் அறுந்து வந்தது.

"தலைவரே, எனக்கு நாலு நிமிஷம் இருக்கு. நான் சுற்றுலாவைப் பத்திப் பேசப் போறதில்லை. இப்பத்தான் அணையிலேர்ந்து தகவல் வந்துச்சு. என்கூட வேலை பார்த்தவர் அனுப்பினது. நாலாம் நம்பர் வடம் அறுந்துடுச்சு."

சிரிப்பு எழுந்தது. அடைப்புக்குறி போட என் கை போனது. போட முடியவில்லை.

"சிரிக்காதீங்க. தயவுசெஞ்சு சிரிக்காதீங்க. ஒரு பக்கம் அறுந்து ஷட்டர் கோணலா சிக்கிக்கிச்சு. மத்த அஞ்சும் முழுசாத் திறந்தாச்சு. அப்பவும் வர்ற தண்ணிதான் அதிகம். மண் கரை மேல தண்ணி ஏறினா கரை நிக்காது, கரைச்சுக்கிட்டு வந்துடும். ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. அதுவும் இருக்குமான்னு தெரியலை. எச்சரிக்கைச் சங்கு ஊத மேலிடத்து உத்தரவு வேணுமாம். உத்தரவு கொடுக்க வேண்டியவங்க இந்த ரூம்லதான் உக்காந்திருக்காங்க."

பொதுப்பணித் துறை அமைச்சர் எழுந்தார். "தலைவர் அவர்களே, ஆதாரமில்லாத தகவலைச் சொல்லி உறுப்பினர் பொதுமக்களிடையே பீதியைக் கிளப்புகிறார். காலையில்தான் தலைமைப் பொறியாளரிடம் பேசினேன். நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது."

"காலையில இருந்துச்சுங்க. இப்ப இல்லை."

"உறுப்பினர் உட்கார வேண்டும்" என்றார் தலைவர்.

அவர் உட்காரவில்லை. தலைவரைப் பார்த்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். நான் நிமிரவில்லை, ஆனால் குரல் திரும்பியது தெரிந்தது. மேல்தளத்தில் இருந்த கேமராவைப் பார்த்து அவர் பேச ஆரம்பித்தார்.

"ஆத்தோரத் தெரு, சந்தைக்குப் பின்னாடி, மரக்கடைச் சந்து, பழைய பாலத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கறவங்க. நான் பேசறது கேக்குதுன்னா உடனே வெளிய வாங்க. பள்ளிக்கூட மேட்டுக்குப் போங்க. சாமான் எடுக்காதீங்க. பக்கத்து வீட்டைத் தட்டுங்க. நடக்க முடியாதவங்களைத் தூக்கிக்கிட்டுப் போங்க."

நடக்க முடியாதவர்கள். என் கை எழுதிக்கொண்டேதான் இருந்தது. எழுதுகிற ஒவ்வொரு கோடும் கோணல்மாணலாகப் போனது; பிறகு அதைப் படிக்க நானே திண்டாடினேன்.

"உறுப்பினர் பேசுவது எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது" என்று தலைவர் உரக்கச் சொன்னார்.

"குறிப்புல ஏற வேணாங்க தலைவரே. ஜனங்க மேட்டுல ஏறினாப் போதும்."

அவைக்காவலர்கள் நடக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி கீழே விழுந்தது. அவர் அதே சந்துகளின் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனார். கதவு மூடிய பிறகும் சன்னமாகக் கேட்டது. அமைச்சருக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒருவர் குனிந்து வேகமாக வெளியே போனதை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

மணி பதினொன்று பதினாறு. இன்னும் நாலு நிமிஷம் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து ஓடியிருக்கலாம், என்ன செய்துவிடுவார்கள், வேலை போகும், அவ்வளவுதானே. இன்றைக்கு இப்படிச் சொல்கிறேன். அன்றைக்குக் கால் எழவில்லை. அடுத்து எழுந்த உறுப்பினர் அணைக்கரை விளக்குகளைப் பாராட்டிப் பேசினார். ஒரு சொல் விடாமல் எழுதினேன். பயத்தில் மனிதருக்குத் தெரிந்த வேலையைத்தான் கை செய்கிறது போலும்.

மாற்று ஆள் வந்து உட்கார்ந்ததும் வாசல் வரை நடந்தேன். அதற்குப் பிறகு ஓடினேன். இரும்புப் பெட்டியின் சாவி துவாரத்தில் நுழையவில்லை. காவலர் வாங்கித் திறந்து கொடுத்தார். நாத்தனாருக்கு மூன்று தரம் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. நாலாம் தரம் மணியே போகவில்லை.

பழைய பாலத்துக்கு முன்னாலேயே ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல போகாதும்மா. எல்லாரும் ஏறி வர்றாங்க பாருங்க" என்றார். பார்த்தேன். சரிவுச் சாலை முழுக்க ஜனம். தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு, சைக்கிளில் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல். ஒருத்தரும் கத்தவில்லை. மழைச் சத்தத்தில் அத்தனை கால்கள் தண்ணீரை மிதிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. எதிரே வந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மூன்றாவது சந்து மளிகைக்கடைக்காரர் வந்தார்.

"எங்க வீட்டுல பாத்தீங்களா?"

"கதவு தொறந்து கெடந்துச்சு. உள்ள பாக்கலைம்மா."

கீழே இறங்கப் போனேன். போலீஸ்காரர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "உள்ள கட்டில்ல ஒருத்தர் இருக்காரு, நடக்க முடியாது" என்று சொன்னேனா, கத்தினேனா, தெரியவில்லை. அப்போதுதான் சங்கு ஊதியது. பன்னிரண்டு ஐந்து. அந்தச் சத்தம் கேட்டதும் அவரே என் கையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

நான் வீடு வரைக்கும் போகவில்லை. இறங்கினேன், பத்தடி, முழங்கால் அளவுத் தண்ணீர் இழுத்தது, திரும்பிவிட்டேன். இதை என் கணவரிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தில் பதினோரு வகுப்பறைகள். ஒவ்வொன்றாகத் தேடினேன். எட்டாவது அறையில், நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் மாமனார் மல்லாந்து கிடந்தார். நாத்தனார் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"போன் எடுக்கறதுக்கு என்ன?"

"எங்க அண்ணி எடுக்கறது? ரெண்டு கையிலயும் அப்பா."

நடந்ததை அவள்தான் சொன்னாள். நாலாம் நம்பர் பேச ஆரம்பித்ததும் மாமனார் கிளம்பலாம் என்றாராம். இவள் நம்பவில்லை. "பொய் சொல்றவன் இப்படி நடுங்க மாட்டான், தெருவுல போய்ச் சொல்லு" என்று அவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். இவள் வெளியே போய்ச் சொல்ல, தெருவில் பாதிப்பேர், "அந்த ஆளு எப்பவும் இதைத்தானே சொல்லுவாரு" என்று நின்றிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எல்லா வீட்டு டிவியிலும் நேரலை அப்படியே நின்று, பூந்தோட்டமும் வீணை இசையும் வந்திருக்கிறது.

"அதுதான் அண்ணி. வாயை மூடிட்டாங்கன்னா விஷயம் நெசம்னு மளிகைக்கடைக்காரம்மாதான் மொதல்ல ஓடினாங்க. அப்புறம் எல்லாரும்."

எதிர்வீட்டுத் தையல்காரரும் இவளும் மாமனாரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்திருக்கிறார்கள். பாதி வழியில் அவர், பல்செட்டை மறந்துவிட்டேன், திரும்பு என்றாராம். தையல்காரர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாராம்.

"உன்னை டிவியில பாத்தேம்மா" என்றார் மாமனார், பொக்கை வாயோடு. "தலையே நிமிரலை நீ."

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரை உடைந்தது. மேட்டிலிருந்து பார்த்தோம். அலை மாதிரி எதுவும் வரவில்லை. தெரு அமைதியாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். ஜன்னல் மறைந்தது. கதவு நிலை மறைந்தது. சந்தைக்குப் பின்னால் ஓட்டுக் கூரைகள் மட்டும் மிதப்பது மாதிரி நின்றன. மூன்று பேர் செத்துப் போனார்கள். ஒருவர் பைக்கை எடுக்கத் திரும்பிப் போனவர். மற்ற இருவர் மரக்கடைச் சந்தின் கோடியில் இருந்த வயதான தம்பதி. அவர்கள் வீட்டில் டிவி இல்லை. கதவைத் தட்ட யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஒன்பது நாள் கழித்துப் பேரவை கூடியது. முதல் வேலையாக, அன்று அவரை வெளியேற்றிய கையோடு போட்டிருந்த இடைநீக்கத்தை யாரும் எதிர்க்காமல் ரத்து செய்தார்கள். அணைக்கு அவசர நிதி ஒதுக்குகிற தீர்மானம் வந்தது. தலைவர் அவரை அழைத்து, நேர வரம்பு இல்லை என்றார். அவர் ஒன்றரை நிமிஷம்தான் பேசினார். வடம், அச்சு, சங்கு ஊதும் அதிகாரம் ஆபரேட்டர் கையிலேயே இருக்க வேண்டும் என்ற மூன்றைச் சொன்னார். செத்துப்போன மூவரின் வீட்டு எண்களைச் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். மேஜையைத் தட்டினார்கள். அமைச்சரும் தட்டினார்.

சாயங்காலம் பிழை பார்க்க எங்கள் அறைக்கு வந்தார். கரை உடைந்த நாளின் பக்கத்தைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். 'அவைத் தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது' என்று ஒரே வரி. அதை விரலால் தடவிக்கொண்டே நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"எங்க மாமனார் உங்களாலதான் சார் உயிரோட இருக்காரு" என்றேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமாம்மா? என்னை வெளிய தள்ளி வராந்தாவுல உக்கார வெச்சாங்க இல்லையா, அப்ப அணையிலேர்ந்து போன் வந்துச்சு. சங்கிலி போட்டு இழுக்கறோம், நாலாம் நம்பர் ஏறுதுண்ணே, ரெண்டு விரக்கடை ஏறிடுச்சுன்னாரு."

"ஏறுச்சா?"

"ஏறுச்சு. எனக்கு என்ன தோணியிருக்கணும்? ஊரு பொழைச்சுதுன்னுதானே? அது தோணலைம்மா. ஐயோ, ஏறிடுச்சேன்னு இருந்துச்சு. இத்தனை பேரை மழையில ஓடவெச்சுட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோட உள்ள போறதுன்னு. ஏற வேணாம்னு மனசு கேட்டுச்சு. ஒரு நிமிஷங்கூட இருக்காது. ஆனா கேட்டுச்சு."

அவர் அந்த ஒற்றை வரியை மறுபடி விரலால் தடவினார்.

"அடுத்த போன்ல, நின்னுடுச்சுண்ணே, இனி ஏறாதுன்னாரு."

"நீங்க நெனச்சதாலயா சார் நின்னுது? அச்சு துருப்பிடிச்சு நின்னுது. நீங்கதானே மூணு வருஷமா சொன்னீங்க, நான்தானே எழுதினேன்."

"தெரியுது. எனக்குத் தெரியாதா?" என்றார். "இருந்தாலும் அந்த மரக்கடைச் சந்து வீட்டுக்கு நேத்து போயிருந்தேன். வாசல்ல ஒரு ஜோடிச் செருப்பு சேத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. உள்ள போக பயமா இருந்துச்சும்மா. திரும்பி வந்துட்டேன்."

பத்தடி இறங்கித் திரும்பி வந்ததை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவர் பேனாவை எடுத்து அந்த ஒன்றரை நிமிஷப் பேச்சை வரி வரியாகப் படித்தார். வீட்டு எண் ஒன்றைத் தப்பாகத் தட்டச்சு செய்திருந்தேன். முப்பத்தொன்பது என்று இருந்ததை அடித்து, முப்பத்தாறு என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.